பழைய மாரிஸ் மைனருக்கு ஹீட்டர் மாட்டணுமா? ரெண்டே ஒயர்தான்... ஆனா!

பிரிட்டன்காரர்களுக்கு மாரிஸ் மைனர் என்பது நம்ம ஊர் அம்பாஸடர் மாதிரி. 1948-ல் வந்தது. பின்னாளில் 'மினி' காரை உருவாக்கிய அலெக் இஸிகோனிஸ்தான் இதற்கும் வடிவமைப்பாளர். 1950-களின் தொடக்கத்தில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் இதே காரை 'பேபி ஹிந்துஸ்தான்' என்ற பெயரில் இந்தியாவிலும் தயாரித்தது. தாத்தா காலத்து ஆல்பங்களில் சிலர் பார்த்திருக்கலாம்.

இந்த காரில் ஹீட்டர் என்பது பல வருடங்களுக்குத் தனிக் காசு கொடுத்து வாங்கவேண்டிய சமாசாரம். அதனால் ஹீட்டரே இல்லாமல் வந்த வண்டிகள் நிறைய. இன்று அவற்றை வைத்திருப்பவர்கள், பழைய ஸ்மித்ஸ் ஹீட்டரைத் தேடிப் பிடித்து மாட்டுகிறார்கள். சொகுசுக்காக மட்டும்னு நினைக்காதீங்க. குளிரும் மழையும் சேர்ந்த ராத்திரியில் நாலு பேர் காருக்குள் உட்கார்ந்தால், மூச்சுக்காற்றே முன்கண்ணாடியில் பனியாய்ப் படிந்துவிடும். அதைக் கலைப்பது ஹீட்டரின் சூடான காற்றுதான்.

முதலில் ஒரு விஷயம். கார் ஹீட்டர், வீட்டு வாட்டர் ஹீட்டர் மாதிரி கரன்ட்டில் சூடாவது இல்லை. என்ஜினைச் சுற்றி ஓடும் வெந்நீர், ஒரு குட்டி ரேடியேட்டர் வழியாகப் போகிறது. அதன் மேல் காற்றை ஊதுவதற்கு ஒரு ஃபேன். கரன்ட் வேண்டியது அந்த ஃபேனுக்கு மட்டும்தான். ஃபேன் நன்றாகச் சுற்றியும் காற்று ஜில்லுனு வந்தால், ஒயரை நோண்டாதீங்க. தண்ணீர்க் குழாயைத் தொட்டுப் பாருங்க. வால்வு மூடியிருக்கும், இல்லை உள்ளே காற்று அடைத்திருக்கும்.

ஆக, வேலை ரெண்டே ஒயர்தான். லைவ் ஒன்று, எர்த் ஒன்று. இந்த ரெண்டில்தான் வம்பே இருக்கிறது.

பிளஸ்ஸா, மைனஸா?

நமக்குப் பழகிய கார்களில் பேட்டரியின் மைனஸ்தான் பாடியில் இணைந்திருக்கும். அந்தக் கால பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் இது தலைகீழ். பிளஸ்தான் எர்த். மைனரும் அந்த ரகம். சில உரிமையாளர்கள் பின்னாளில் மாற்றியும் இருப்பார்கள். அதனால் பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் பட்டையை நேரில் பார்த்து முடிவு பண்ணுங்க.

இது ஏன் முக்கியம்? வேலை தொடங்கும்போது முதலில் கழற்றவேண்டியது எர்த் இணைப்பு. 'மைனஸை முதல்ல கழட்டு' என்ற பழக்க தோஷத்தில் பிளஸ்-எர்த் வண்டியில் மைனஸைக் கழற்றினால், ஸ்பேனர் பாடியில் பட்ட அடுத்த நொடி தீப்பொறிதான்.

மோட்டாருக்கும் இதில் பங்கு உண்டு. நிரந்தரக் காந்தம் வைத்த மோட்டாருக்கு பிளஸ், மைனஸ் மாறினால் எதிர்த்திசையில் சுற்றும். காற்று சரியாக வராது. காந்தத்துக்குப் பதில் காயில் சுற்றிய மோட்டார், எப்படிக் கொடுத்தாலும் ஒரே பக்கம்தான் சுற்றும். பெட்டிக்குள் மாட்டுவதற்கு முன் மேசையிலேயே ஓட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

பச்சை ஒயரில் நேரடியாகச் சேர்த்துவிடலாமா?

பெரும்பாலோர் செய்வது இதைத்தான். லூகாஸ் கம்பெனி ஒயர்களின் நிறங்களுக்கு ஒரு மொழியே உண்டு. பிரவுன் என்றால் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் இல்லாமல் வருவது. வெள்ளை, சாவி போட்டால் உயிர் பெறுவது. அதற்கும் ஃபியூஸ் கிடையாது. சாவியும் போட்டு, ஃபியூஸையும் தாண்டி வருவது பச்சை. கறுப்பு, எர்த். ஹீட்டருக்குப் பச்சைதான் சரியான இடம். ஃபியூஸ் பெட்டியில் 'ஏ4' என்று எழுதியிருக்கும் முனையில் அது கிடைக்கும்.

ஆனால், அதே ஃபியூஸை நம்பித்தான் பிரேக் லைட், இண்டிகேட்டர், வைப்பர் எல்லாம் இருக்கின்றன. மொத்த வண்டிக்கும் ரெண்டே ஃபியூஸ்! ஹீட்டர் ஒயர் எங்காவது உரசி ஷார்ட் ஆனால், கொட்டும் மழையில் வைப்பர் நின்றுபோகும். பின்னால் வருகிறவருக்கு நீங்கள் பிரேக் பிடிப்பதும் தெரியாது. அதனால் ஏ4-லிருந்து கிளம்பும் ஒயரில், முடிந்தவரை ஃபியூஸ் பெட்டிக்குப் பக்கத்திலேயே, ஹீட்டருக்கென்று தனியாக ஒரு ஃபியூஸ் போடுங்கள். முதலில் மல்டிமீட்டரில் மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். 4 ஆம்பியர் என்றால் 10 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ் தாராளம்.

ஃபியூஸ் வாங்கும்போது இன்னொரு குழி இருக்கிறது. பழைய லூகாஸ் கண்ணாடி ஃபியூஸில் '35' என்று போட்டிருந்தால், அது உருகிப்போகும் அளவு. தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர்தான். இன்றைய பிளேடு ஃபியூஸில் போட்டிருப்பதோ தொடர்ந்து தாங்கும் அளவு. '35-க்கு 35' என்று மாற்றினால், ஃபியூஸ் பத்திரமாக இருக்கும், ஒயர் எரியும்.

ஒயருக்கு 14/0.30 போதும். அதாவது 0.30 மி.மீ. கம்பி 14 இழை; 8 ஆம்பியருக்கு மேல் தாங்கும். என்ஜின் பக்கமிருந்து உள்ளே வரும் தகரச் சுவரில் ரப்பர் வளையம் இல்லாமல் ஒயரை நுழைக்கவே கூடாது. முறுக்கி டேப் சுற்றுகிற வேலையும் வேண்டாம். முனைகளை கிரிம்ப் பண்ணுங்க.

எர்த் விஷயத்தில் அலட்சியம்தான் அதிகம். ஹீட்டர் பெட்டியின் போல்ட்டையே எர்த்தாக நம்பக் கூடாது. நடுவில் பெயின்ட், ரப்பர், அறுபது வருடத் துரு! தனிக் கறுப்பு ஒயர் இழுத்து, பாடியில் தகரம் பளபளக்கச் சுரண்டிய இடத்தில் இறுக்குங்கள். லூகாஸுக்கு 'இருளின் இளவரசன்' என்று கேலிப் பெயர் உண்டு. என்னைக் கேட்டால், அந்தப் பழியில் பாதி துருப்பிடித்த எர்த்துக்குச் சேரவேண்டியது.

கணக்கு இடிக்கும் இடம்

மைனரில் ஆல்டர்னேட்டர் கிடையாது, டைனமோதான். சி39 மாடல் தருவது 19 ஆம்பியர், சி40 என்றால் 22. அதுவும் என்ஜின் நன்றாக ஓடும்போது. ஹெட்லைட் ரெண்டும் 45 வாட் என்றால் 7.5 ஆம்பியர், சின்ன விளக்குகளுக்கு 2, இக்னிஷனுக்கு 3 அல்லது 4, வைப்பருக்கு 3, ஹீட்டருக்கு 4. கூட்டினால் சி39-ன் எல்லையைத் தொட்டாச்சு. சிக்னலில் என்ஜின் மெதுவாக ஓடும்போது டைனமோ கிட்டத்தட்ட ஒன்றும் தராது. எல்லாம் பேட்டரி தலையில்தான் விழும். எனவே டிராஃபிக்கில் நிற்கும்போது ஃபேனை அணைத்துவிடுவது நல்லது.

எல்லாம் முடிந்ததும் ஹெட்லைட், வைப்பர், ஹீட்டர் மூன்றையும் போட்டு, என்ஜினைக் கொஞ்சம் வேகமாகவே 15 நிமிடம் ஓடவிடுங்கள். பிறகு ஃபியூஸ், ஸ்விட்ச், எர்த் இணைப்பு மூன்றையும் விரலால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை சுட்டால், அந்த இணைப்பைப் பிரித்து மறுபடி போடாமல் வண்டியை வெளியே எடுக்காதீங்க.