தோட்ட முதலாளிமார் சங்கங்களும் மலாயா அரசாங்கமும்

மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களில் உழைத்த தமிழரின் வரலாற்றைக் கூறுவோர் கப்பலையும் கங்காணியையும் காட்டையும் காய்ச்சலையும் விரிவாகக் கூறுவர். அவ்வுழைப்புக்குரிய கூலியை எங்கே, யார் நிர்ணயித்தனர் என்று வினவுவோர் குறைவு. விடை தேடப் புகுந்தால், பால்மரக் காட்டை விட்டு அரசாங்கக் குழுக்களின் அறைகளுக்குள் செல்ல நேரிடும்.

1907ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் இரப்பர் வளர்ப்போர் சங்கம் தோன்றியது. மலாயாவில் தோட்டம் வைத்திருந்த பிரிட்டிஷ் நிறுவனங்களின் குரலாக விளங்கிய அமைப்பு அது. அவ்வாண்டிலேயே மலாயாவில் தமிழர் குடியேற்ற நிதிச் சட்டம் பிறந்தது. இந்தியர் குடியேற்றக் குழுவும் அமைந்தது. குழுவில் அமர்ந்தவர்கள் அரசாங்க அதிகாரிகளும் தோட்டத்துரைமாரும் ஆவர். யாருடைய பயணத்தையும் வாழ்வையும் பற்றிப் பேசக் கூடினார்களோ, அவர்களுக்கு அங்கே நாற்காலி இல்லை.

அந்நிதி இயங்கிய முறை கூர்ந்து நோக்கத் தக்கது. இந்தியத் தொழிலாளரை வேலைக்கு வைத்த ஒவ்வொரு முதலாளியும், அவர்கள் வேலை செய்த நாள்களைக் கணக்கிட்டு நிதிக்குப் பணம் செலுத்த வேண்டும். நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் இருந்த முகாம்கள் வழியாகக் கப்பலேறியவரின் பயணச் செலவு அதிலிருந்தே வழங்கப்பட்டது. தொழிலாளி பயணக் கடனின்றிக் கரை இறங்கினான் என்பது மெய்யே, அந்நன்மையை மறுப்பதற்கில்லை. ஆயினும் முதலாளிமாரின் நெடுநாள் பூசல் ஒன்றுக்கும் அதுவே தீர்வாயிற்று. முன்னர், ஒருவர் பணம் செலவிட்டு ஆள் வரவழைப்பார். அண்டைத் தோட்டத்தார் ஆசை காட்டி அழைத்துக்கொள்வார். இதைத் தம் உறுப்பினரிடம் நல்ல சொல் கூறித் தடுக்க இயலாத சங்கங்கள், சட்டத்தின் கரத்தைக் கொண்டு தடுத்தன. ஆள் திரட்டியவரும் திரட்டாதவரும் ஒரே அளவில் பணம் கட்ட வேண்டியதாயிற்று.

இவ்வுத்தி பின்னர் இன்னும் பெரிய அளவில் கையாளப்பட்டது. முதல் உலகப் போருக்குப் பின் இரப்பர் விலை வீழ்ந்தது. 1920ஆம் ஆண்டில் இலண்டன் சங்கம் தன் உறுப்பினர் உற்பத்தியைத் தாமாகவே குறைத்துக்கொள்ளுமாறு வேண்டியது. சிலர் குறைத்தனர், வெளியே நின்றவர் அதனால் பயனடைந்தனர். முயற்சி தோற்றது. சங்கம் குடியேற்ற நாடுகளின் அமைச்சகத்தை நாடியது. அப்போது அமைச்சராக இருந்தவர் வின்ஸ்டன் சர்ச்சில். சர் ஜேம்ஸ் ஸ்டீவன்சன் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. 1922 நவம்பரில் மலாயாவிலும் இலங்கையிலும் இரப்பர் ஏற்றுமதிக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது. 1925ஆம் ஆண்டில் ஒரு இராத்தல் இரப்பரின் விலை நான்கு சில்லிங்கைத் தாண்டியது. அமெரிக்கா கொதித்தெழுந்தது. அதைவிடக் கட்டுப்பாட்டில் சேராத டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளின் உற்பத்தி பெருகியதே பெருங்கேடாயிற்று. 1928 நவம்பரில் திட்டம் கைவிடப்பட்டது.

இரப்பரின் விலைக்கு இத்துணை முயற்சி எடுத்தவர்கள், கூலியின் விலையில் வாளாவிருப்பரோ? 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்திற்குப் பின் இந்தியரின் கூலியை வரையறுக்கும் பொறுப்பு, முன் கூறிய அதே குடியேற்றக் குழுவிடம் வந்தது. அரிசி, துணி, பண்டிகைச் செலவு என்று குடும்பக் கணக்குப் பார்த்து, எளிதில் சென்றடையத்தக்க வட்டாரங்களில் ஆடவர்க்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்டிர்க்கு 40 காசும் என வகுக்கப்பட்டது. 1930ஆம் ஆண்டு தொடங்கிய பொருளாதார மந்தத்தில் அக்கணக்குகள் மறக்கப்பட்டன. கூலி படிப்படியாக வெட்டப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியர் தாயகத்திற்குக் கப்பலேற்றப்பட்டனர்.

தொழிலாளருக்குத் துணையாக நின்ற கரம் கடலுக்கு அப்பாலிருந்து வந்தது. 1922ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தால், ஆள் அனுப்புவதை நிறுத்தும் அதிகாரம் இந்திய அரசாங்கத்திற்குக் கிடைத்திருந்தது. அதன் ஏஜெண்டு ஒருவர் மலாயாவில் அமர்ந்து தோட்டங்களைப் பார்வையிட்டு ஆண்டறிக்கை எழுதி வந்தார். 1936ஆம் ஆண்டில் மலாயா இந்திய மத்திய சங்கம் தோன்றியது. வழக்கறிஞரும் வணிகரும் நடத்திய அச்சங்கத்திற்குத் தோட்டத்து லயங்களில் அப்போது வேர் இல்லை. ஆனால் புதுடில்லியின் செவியில் எதைச் சொல்ல வேண்டும் என்பதை அது அறிந்திருந்தது. அவ்வாண்டின் இறுதியில் வந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் பழைய 50, 40 காசுக் கூலியை மீட்டளிக்குமாறு பரிந்துரைத்தார். அவருடைய அறிக்கை மென்மையானது என்று தேசியவாதிகள் சினந்தனர். அச்சினத்தில் நியாயம் இருந்தது.

1938ஆம் ஆண்டில் இரப்பர் விலை மீண்டும் சரிந்தபோது தோட்டத்துரைமார் கூலியைக் குறைக்க முற்பட்டனர். இம்முறை இந்திய அரசாங்கம் அறிக்கையோடு நிற்கவில்லை. ஜூன் 15 முதல் உதவி பெற்றுச் செல்லும் தொழிலாளர் குடிபெயர்வைத் தடை செய்தது. 1907ஆம் ஆண்டு முதல் நிதியும் முகாமும் கொண்டு வளர்க்கப்பட்ட ஆள்வரத்து ஒரே ஆணையில் நின்றது. அது மீண்டும் திறக்கவே இல்லை.

போர் மூண்டு இரப்பர் விலை ஏறியபோது, புது ஆள் வராத தோட்டங்களில் இருந்த ஆளின் மதிப்பு உயர்ந்தது. 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் சீனத் தொழிலாளர்க்கு இணையான கூலி கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். கள்ளுக்கடைகளை மூடவேண்டும், துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றும் கேட்டனர். அவர்தம் தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார், படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மாய்ந்தன.

1947ஆம் ஆண்டில் தோட்ட முதலாளிமார் கூலிப் பேச்சுக்கென்றே தனி அமைப்பு ஒன்றை ஏற்படுத்திக்கொண்டனர். சிதறிக் கிடந்த தோட்டத் தொழிற்சங்கங்கள் 1954ஆம் ஆண்டில் ஒன்றிணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமாயின. பி. பி. நாராயணன் அதன் பொதுச் செயலாளராகி அம்மேசையின் எதிர்ப்புறத்தில் அமர்ந்தார்.