கப்பல் சுற்றுலாவுக்கு முன்: மருந்துகளைச் சேகரித்தலும் துறைமுகம் சென்றடைதலும்

சென்னைத் துறைமுகத்திலிருந்து சொகுசுக் கப்பல் சுற்றுலா 2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் தொடங்கப்பட்டது. நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், இதய நோய் உடையவர்களும் குடும்பத்தினருடன் இத்தகைய பயணங்களை மேற்கொள்கின்றனர். கப்பலில் மருத்துவர் இருப்பார். எனினும் நீங்கள் நாள்தோறும் உட்கொள்ளும் மருந்து அங்குக் கிடைக்கும் என்று கருத வேண்டாம். தேவையான அனைத்தையும் கரையிலேயே சேகரித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு வாரங்களுக்கு முன்

• உங்கள் மருத்துவரைச் சந்தித்துப் பயணத்திற்கு உடல்நிலை ஏற்றதா என்று கேட்டறியவும்.
• பயண நாட்களுக்குத் தேவையானதைவிடக் குறைந்தது ஐந்து நாட்களுக்குக் கூடுதலாக மருந்து வைத்திருக்கவும். புயல், கடல் சீற்றம் காரணமாகக் கப்பல் கரை திரும்பத் தாமதமாகலாம்.
• மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வாயிலாகவோ அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலோ மருந்து பெறுபவர், அடுத்து மருந்து பெறும் நாள் பயணத்தின் இடையே வருகிறதா என்று பார்த்து, முன்கூட்டியே பணியாளரிடம் தெரிவிக்கவும்.
• கப்பல் வெளிநாட்டுத் துறைமுகங்களுக்குச் செல்லுமானால், மருந்துகளின் வேதிப்பெயர் குறிக்கப்பட்ட மருத்துவச் சீட்டு அவசியம். உறக்க மாத்திரைகள், கடும் வலி நிவாரணிகள் ஆகியவற்றுக்குச் சில நாடுகளில் முன்அனுமதி தேவைப்படும்.

மருந்துப் பை கையில் இருக்கட்டும்

துறைமுகத்தில் ஒப்படைக்கும் பெரிய பெட்டிகள் உங்கள் அறைக்கு வந்துசேரப் பல மணி நேரம் ஆகலாம். அதுவரை அவை வெயிலிலும் இருக்கக்கூடும். ஆகவே மருந்துகள், இன்சுலின், ஊசிகள், குளுக்கோமீட்டர், இன்ஹேலர், மருத்துவச் சீட்டு ஆகியவற்றைக் கைப்பையில் மட்டுமே வைக்கவும். முடிந்தால் மருந்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியை உடன் வருபவரிடம் கொடுத்து வைக்கவும்.

திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் பாதுகாக்க வேண்டும். குளிர்பையில் வைக்கும்போது பனிக்கட்டியின்மீது நேரடியாகப் படாதவாறு துணியில் சுற்றி வைக்கவும். உறைந்துபோன இன்சுலினைப் பயன்படுத்தக் கூடாது.

கடற்பயண வாந்திக்கான மாத்திரையைக் குமட்டல் தொடங்கும் முன்னரே உட்கொண்டால்தான் பலன் கிடைக்கும். இவற்றுள் பல, உறக்கத்தை உண்டாக்குபவை. கிளாக்கோமா என்னும் கண் அழுத்த நோய், புராஸ்டேட் வீக்கம் உடையவர்கள் மருத்துவர் ஆலோசனையின்றி இவற்றை உட்கொள்ளக் கூடாது.

துறைமுகம் செல்லும் நாள்

குறித்த நேரத்திற்குப் பின் வருபவரைக் கப்பலில் ஏற்றமாட்டார்கள். மதுரை, திருநெல்வேலி போன்ற தொலைவான ஊர்களிலிருந்து வருபவர், முதல்நாளே சென்னை வந்து இரவு ஓய்வெடுத்துச் செல்வது நலம். நடக்க இயலாதவருக்குச் சக்கர நாற்காலி வேண்டுமெனப் பயணச்சீட்டுப் பதிவின்போதே தெரிவிக்கவும்.

வழியில் கழிப்பறை கிடைக்காது என்றெண்ணிச் சிலர் சிறுநீர் பிரியும் மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடுகின்றனர். இதய நோயாளருக்கு இது மூச்சுத்திணறலை உண்டாக்கக்கூடும். அன்று எந்நேரத்தில் உட்கொள்வது என்பதை மருத்துவரிடம் முன்னரே கேட்டுக்கொள்ளவும்.

காத்திருக்கும் வேளையில் கவனம்

ஆவணச் சோதனை, பாதுகாப்புச் சோதனை, குடியேற்றச் சோதனை ஆகியவற்றால் உணவு நேரம் தள்ளிப்போகும். கப்பலில் ஏறியவுடன் உண்ணலாம் என்று நம்பி, உணவுக்கு முந்தைய இன்சுலினை வரிசையில் நிற்கும்போதே போட்டுக்கொள்ளாதீர்கள். உணவு கைக்கு வந்தபின் போட்டுக்கொள்வதே பாதுகாப்பு.

வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழப்பம் ஆகியவை தாழ்சர்க்கரையின் அறிகுறிகள். சர்க்கரை அளவு 70 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால் மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் அல்லது சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுக்கவும். 15 நிமிடங்களுக்குப் பின் மீண்டும் பரிசோதிக்கவும். நினைவிழந்தவருக்கு வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது. உடனே 108 எண்ணை அழைக்கவும்.

பயணத்தை ஒத்திவைக்க வேண்டியவர்கள்

அண்மையில் மாரடைப்பு, பக்கவாதம் அல்லது பெரிய அறுவை சிகிச்சைக்கு உள்ளானவர்கள் மருத்துவர் இசைவின்றிப் புறப்பட வேண்டாம். 24 வாரங்களைக் கடந்த கருவுற்ற பெண்களைப் பெரும்பாலான கப்பல் நிறுவனங்கள் ஏற்பதில்லை. புறப்படும் நாளில் காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு இருந்தால் மறைக்காமல் தெரிவிக்கவும். பயணச்சீட்டுக் கட்டணம் வீணாகிறதே என்று நோயை மறைத்துக் கப்பலேறினால், நடுக்கடலில் உரிய சிகிச்சை கிடைப்பது அரிது. உடன் பயணிப்பவருக்கும் நோய் பரவும்.

ஐயங்களுக்கு 104 மருத்துவ உதவி எண்ணைத் தொடர்புகொள்ளலாம்.