ஊட்டி கிளப்பிலிருந்து ரைன்ஃபெல்டன் வரை: ஸ்னூக்கர் போட்டியும் சுவிட்சர்லாந்தும்

கோலால் பந்தை அடித்து மேசைமேல் ஆடும் ஆட்டங்கள் மூன்று பெருங்கிளைகளாக வளர்ந்துள்ளன. குழியே இல்லாத மேசையில் மூன்று பந்துகளை ஒன்றோடொன்று மோதவைக்கும் கேரம்போல் பிரெஞ்சுக் கிளை. ஆறு குழிகள் கொண்ட சிறிய மேசையில் ஆடும் பூல் அமெரிக்கக் கிளை. பன்னிரண்டடி நீளம், ஆறடி அகலம் கொண்ட பெரிய மேசையில் ஆடும் பில்லியர்ட்ஸும் ஸ்னூக்கரும் ஆங்கிலேயக் கிளை. சுவிட்சர்லாந்தில், குறிப்பாகப் பிரெஞ்சு மொழி பேசும் மேற்குப் பகுதியில், பழைய வேர் கொண்டது கேரம்போல். பூல் பின்னர் மதுக்கூடங்கள் வழியாகப் பரவியது. ஸ்னூக்கர் கடைசியாக வந்தது. ஆயினும் இம்மூன்று கிளைகளையும் ஒரே குடைக்கீழ்க் கொண்டுவந்த உலக அமைப்பு 1992இல் சுவிட்சர்லாந்தில்தான் உருவானது. ஸ்னூக்கரின் உச்சமான ஷெஃபீல்டு க்ரூசிபிள் அரங்கில் ஒரு சுவிஸ் ஆட்டக்காரர் கோல் பிடித்ததோ 2020இல். ஆட்டக்காரர் தோன்றுவதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் முன்பே ஆட்டத்தின் நிர்வாகம் அந்நாட்டுக்கு வந்துவிட்டது. இந்தத் தலைகீழ் வரிசைக்கான காரணத்தை அறிய, ஸ்னூக்கர் பிறந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும். அதன் விதிகள் எழுதப்பட்ட ஊர் நீலகிரியில் இருக்கிறது.

1875ஆம் ஆண்டு மழைக்காலத்தில் ஜபல்பூரில் முகாமிட்டிருந்த டெவன்ஷயர் படைப்பிரிவின் அதிகாரிகள் பொழுதுபோக்கப் பில்லியர்ட்ஸ் மேசையையே நம்பியிருந்தனர். அன்று பிரமிட்ஸ் என்ற ஆட்டம் பரவலாக இருந்தது. பதினைந்து சிவப்புப் பந்துகளை முக்கோணமாக அடுக்கிவைத்து, ஒவ்வொரு பந்துக்கும் பந்தயம் கட்டி ஆடுவார்கள். வண்ணப் பந்துகளைக் கொண்ட லைஃப் பூலும் அதன் மாற்றுவடிவமான பிளாக் பூலும் வழக்கிலிருந்தன. பத்தொன்பது வயது லெப்டினன்ட் நெவில் சேம்பர்லின் இவற்றைக் கலந்தார். சிவப்புப் பந்துகளுக்கு நடுவே கறுப்பையும், பின்னர் வேறு சில வண்ணங்களையும் சேர்த்தார். வூல்விச் ராணுவப் பயிற்சிக் கழகத்தில் முதலாண்டு மாணவர்களுக்கு இருந்த கேலிப்பெயரே ஆட்டத்தின் பெயராக ஒட்டிக்கொண்டது. (பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான நெவில் சேம்பர்லின் வேறொருவர். இருவரையும் குழப்பிக்கொள்ளும் கட்டுரைகள் இன்றும் வருகின்றன.)

சேம்பர்லின் பின்னர் மத்திய இந்தியக் குதிரைப்படையில் சேர்ந்து, ஆப்கன் போரில் காயமடைந்து, சென்னைப் படைத்தலைவர் ஃப்ரெடரிக் ராபர்ட்ஸின் அலுவலர் குழுவில் இடம்பெற்றார். கோடையில் சென்னை அரசும் படைத்தலைமையும் ஊட்டிக்கு ஏறுவது அக்கால நடைமுறை. அப்படிப்பட்ட ஒரு பருவத்தில்தான், 1882இல், ஸ்னூக்கர் விதிகள் ஒழுங்காக எழுதப்பட்டு ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் ஒட்டப்பட்டன என்பது மரபாகச் சொல்லப்படும் செய்தி. 1830களின் தொடக்கத்தில் சர் வில்லியம் ரம்போல்டு கட்டிய அந்த வெள்ளைத் தூண் கட்டடமும் பில்லியர்ட்ஸ் அறையும் இன்றும் நிற்கின்றன.

இந்த வரலாற்றுக்கான சான்றின் தன்மையைக் கவனிக்க வேண்டும். 1875இல் எழுதப்பட்ட ஆவணம் எதுவும் இதற்கு அடிப்படையாக இல்லை. ஆட்டம் இங்கிலாந்தில் வூல்விச்சிலேயே பிறந்தது என்ற பேச்சு எழுந்தபோது, 82 வயதாகியிருந்த சேம்பர்லின் 1938 மார்ச்சில் ‘தி ஃபீல்டு’ இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதை வலுப்படுத்தி, நாவலாசிரியர் காம்ப்டன் மக்கென்சி 1939இல் ‘தி பில்லியர்ட் பிளேயர்’ இதழில் கட்டுரை எழுதினார். அறுபது ஆண்டுகளுக்குப் பிந்தைய நினைவு என்பதால் ஜபல்பூர் மாலைப்பொழுதின் நுணுக்கங்களை அப்படியே ஏற்பதில் தயக்கம் இருக்கலாம். விதிகள் எழுதப்பட்ட இடம் ஊட்டி என்பதை மறுக்கும் வலுவான எதிர்ச்சான்று மட்டும் வரவில்லை. ஆராய்ச்சி நோக்கில் இந்த இரண்டாம் செய்தியே முக்கியமானது. பந்துகளைக் கலந்து விளையாடுவது எந்த முகாமிலும் நடந்திருக்கும். அதை எழுதிச் சுவரில் ஒட்டினால்தான் மறுநாள் வரும் அந்நியனும் அதே ஆட்டத்தை ஆட முடியும்.

ஆட்டம் இங்கிலாந்துக்குப் போன வழியும் இந்தியாவில்தான் தொடங்குகிறது. 1885இல் பில்லியர்ட்ஸ் வாகையர் ஜான் ராபர்ட்ஸ் கொல்கத்தா வந்தபோது, கூச் பிகார் மகாராஜாவின் விருந்தில் சேம்பர்லினைச் சந்தித்து விதிகளைக் கேட்டறிந்தார் என்பர். இங்கிலாந்தில் நெடுங்காலம் அது பில்லியர்ட்ஸுக்குப் பக்கவிளையாட்டாகவே இருந்தது. 1927இல் முதல் தொழில்முறைச் சாம்பியன் பட்டத்தை வென்ற ஜோ டேவிஸுக்குக் கிடைத்த பரிசுத்தொகை ஆறு பவுண்டு பத்து ஷில்லிங். அது முதல் 1946 வரை நடந்த பதினைந்து போட்டிகளிலும் அவரே வென்றார். போட்டியாளர் இல்லாத ஆட்டம் பார்வையாளரை இழப்பது இயல்பு. அவர் விலகியபின் ஸ்னூக்கர் சோர்ந்தது. அதைத் தூக்கி நிறுத்தியது வண்ணத் தொலைக்காட்சி. பந்துகளின் நிறமே புள்ளிக்கணக்காக உள்ள ஆட்டம் வண்ணத் திரைக்கு வாய்ப்பாக அமைந்தது. 1969இல் பிபிசியின் இரண்டாம் அலைவரிசை ‘பாட் பிளாக்’ தொடரைத் தொடங்கியது. 1977 முதல் உலகச் சாம்பியன் போட்டி க்ரூசிபிளில் நடக்கிறது.

தொழில்முறை அல்லாதோர் போட்டியில் இந்தியத் துணைக்கண்டம் முன்வரிசையில் இருந்தது. வில்சன் ஜோன்ஸ் 1958இல் கொல்கத்தாவில் உலக பில்லியர்ட்ஸ் பட்டம் வென்றார். உலக அமெச்சூர் ஸ்னூக்கர் போட்டி 1963இல் அதே நகரில் முதன்முறையாக நடந்தபோது இங்கிலாந்தின் கேரி ஓவன் வென்றார். இலங்கையின் எம். ஜே. எம். லஃபீர் 1973இல் பம்பாயில் உலக பில்லியர்ட்ஸ் வாகையரானார். 1984இல் ஓம் பிரகாஷ் அகர்வால் ஸ்னூக்கர் பட்டத்தை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். இந்தக் காலம் முழுவதும் ஸ்னூக்கரின் வரைபடம் பழைய பிரிட்டிஷ் ஆட்சிப்பரப்பின் வரைபடத்தை ஒத்திருந்தது. ஐரோப்பாக் கண்டத்தின் நடுநாடுகளுக்கு அதில் இடமில்லை.

அதற்குப் பண்பாட்டைவிடக் கட்டடமே பெரிய காரணமாகத் தெரிகிறது. ஸ்னூக்கர் மேசை ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ளது. கோலை முழுதாகப் பின்னிழுத்து அடிக்க வேண்டுமானால் அறை ஏறத்தாழ 22 அடிக்கு 16 அடி இருக்க வேண்டும். கேரம்போல் போட்டி மேசையின் ஆடுதளமோ 2.84 மீட்டருக்கு 1.42 மீட்டர். காபிக்கடையின் பின்னறையில் கேரம்போல் மேசை அடங்கும். வாடகை உயர்ந்த சுவிஸ் நகரங்களில் ஸ்னூக்கர் மேசைக்குத் தனிக்கூடமே தேவை. இடநெருக்கடிக்கு இங்கிலாந்து கண்ட விடைகளுள் ஒன்று பார் பில்லியர்ட்ஸ். 1930களில் பெல்ஜியத்திலிருந்து ஆங்கிலேய மதுக்கூடங்களுக்கு வந்த இந்த ஆட்டத்தில் மேசையைச் சுற்றி நடக்கவே வேண்டாம். எல்லா அடிகளும் ஒரே முனையிலிருந்து அடிக்கப்படும். அதனால் மேசையைச் சுவரோரம் ஒட்டிப்போடலாம். குழிகள் மேசைப்பரப்பிலேயே இருக்கும், சிவப்புப் பந்து விழுந்தால் புள்ளி இரட்டிப்பாகும். காளான் வடிவக் குச்சிகள் காவலுக்கு நிற்கும். கறுப்புக் காளானைத் தட்டிவிட்டால் அதுவரை சேர்த்த புள்ளி அத்தனையும் போய்விடும். போட்ட காசுக்கான நேரம் முடிந்ததும் உள்ளே ஒரு கம்பி இறங்கிப் பந்துகள் திரும்பி வராமல் மறித்துவிடும். இதன் முன்னணி ஆட்டக்காரர்கள் ஆண்டுதோறும் ஜெர்சி தீவில் கூடி உலகப் பட்டத்துக்கு மோதுகின்றனர். ஆனால் தென் இங்கிலாந்தையும் கால்வாய்த் தீவுகளையும் தாண்டி அது வேர்கொள்ளவில்லை. மேசையின் அளவு மட்டும் ஒரு விளையாட்டைப் பரப்பிவிடாது என்பதற்கு இது எடுத்துக்காட்டு. பரப்புவதற்கு அமைப்பு வேண்டும். பார் பில்லியர்ட்ஸுக்கு இல்லாத அந்த அமைப்பு ஸ்னூக்கருக்கு சுவிட்சர்லாந்தில் கிடைத்தது.

1980களின் இறுதியில் கோலால் பந்தை அடிக்கும் இவ்வாட்டங்களின் (இனி, கோலாட்டங்கள்) அமைப்புகள் ஒலிம்பிக்கில் நுழைய விரும்பின. ஒரு விளையாட்டுக்கு ஒரே பிரதிநிதி இருக்க வேண்டும் என்பது பன்னாட்டு ஒலிம்பிக் குழுவின் நிபந்தனை. கேரம்போலுக்கு ஓர் அமைப்பு, பூலுக்கு ஓர் அமைப்பு, ஸ்னூக்கருக்குத் தொழில்முறையாளர், மற்றோர் என இரண்டு என்றிருந்த நிலையில் அதை நிறைவேற்ற முடியவில்லை. 1992 ஜனவரியில் இவை இவெர்டோன் நகரில் கூடி உலக பில்லியர்ட்ஸ் விளையாட்டுக் கூட்டமைப்பை நிறுவின. இவெர்டோன், நஷாத்தேல் ஏரியின் தென்முனையில் வோ மாநிலத்தில் இருக்கும் வெந்நீரூற்று நகரம். கல்வியாளர் பெஸ்டலோட்சி பள்ளி நடத்திய ஊர் என்று அறியப்பட்டது. அங்கிருந்து லோசான் சிறிது தூரம்தான். ஒலிம்பிக் குழு 1915 முதல் அங்கே இருக்கிறது, விளையாட்டுத் தகராறுகளைத் தீர்க்கும் நடுவர் மன்றம் 1984 முதல்.

உலக விளையாட்டு அமைப்புகள் சுவிட்சர்லாந்தை நாடுவதற்கு ஏரிக்காற்றைவிட அந்நாட்டு உரிமையியல் சட்டம் காரணம். 1912இல் நடைமுறைக்கு வந்த அச்சட்டத்தின் 60ஆம் பிரிவின்படி, சங்கமாக இயங்கும் விருப்பத்தை எழுத்து வடிவ விதிகளில் தெரிவித்தாலே சட்டப்படியான ஆளுமை கிடைத்துவிடும். வணிக நோக்கமில்லாத சங்கத்துக்குப் பொதுவாகப் பதிவு கட்டாயமில்லை. 75ஆம் பிரிவு, சங்கத்தின் முடிவை ஏற்காத உறுப்பினர் ஒரு மாதத்துக்குள் நீதிமன்றம் போக வழி தருகிறது. ஊட்டியில் ஒரு தாளைச் சுவரில் ஒட்டியதும் ஆட்டம் சட்டம் பெற்றதுபோல, சுவிஸ் மண்ணில் விதிகளை எழுதியதும் சங்கம் உயிர்பெறுகிறது.

கூட்டமைப்புக்கு ஒலிம்பிக் குழுவின் முழு அங்கீகாரம் 1998இல் கிடைத்தது. அதே ஆண்டு பாங்காக் ஆசியப் போட்டியில் கோலாட்டங்கள் முதன்முறையாக இடம்பெற்றன. இந்தியாவின் அசோக் சாண்டில்யாவும் கீத் சேத்தியும் பில்லியர்ட்ஸ் இரட்டையரில் தங்கம் வென்றனர். 2001 அகிதா முதல் உலக விளையாட்டுகளிலும் அவை சேர்ந்தன. 2013இல் காலி நகரில் ஸ்னூக்கர் தங்கம் இந்தியாவின் ஆதித்ய மேத்தாவுக்கு. எனினும் 2010 குவாங்சோவுக்குப் பின் ஆசியப் போட்டி கோலாட்டங்களைக் கைவிட்டது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இடம்கேட்டு எடுத்த முயற்சியும் 2019இல் தோற்றது. இடம் பிரேக்கிங் நடனத்துக்கும் சறுக்குப்பலகைக்கும் போயிற்று.

ஒரே குரல் என்ற நோக்கத்துக்கும் விரிசல் வந்தது. தொழில்முறை ஸ்னூக்கர் அமைப்பு 2017இல் உலக ஸ்னூக்கர் கூட்டமைப்பு என்ற புதிய அமைப்பைத் தொடங்கியது. பழைய அமெச்சூர் அமைப்பின் வாகையருக்குக் கிடைத்துவந்த தொழில்முறை அனுமதி, புதிய அமைப்பின் வாகையருக்கு மாறியது. விளையாடுவோரைப் பொறுத்தவரை நிர்வாகச் சண்டையில் மிக உறைக்கும் பகுதி இதுதான். பழைய அமைப்பின் பட்டத்துக்கு மதிப்பு குறைந்துவிடவில்லை. சென்னையின் அனுபமா ராமச்சந்திரன் 2025 நவம்பரில் தோஹாவில் வென்ற உலக மகளிர் பட்டம் அந்த அமைப்பினுடையதே. ஆனால் பட்டத்திலிருந்து பிழைப்புக்குப் போகும் பாதை வேறாகிவிட்டது.

சுவிட்சர்லாந்திலிருந்து அந்தப் பாதையில் நெடுந்தூரம் போனவர் அலெக்ஸாண்டர் உர்சன்பாகர். 1996இல் ரைன்ஃபெல்டனில் பிறந்தவர். ரைன் ஆற்றங்கரையில், எதிர்க்கரையில் இருக்கும் அதே பெயருள்ள ஜெர்மன் ஊரைப் பார்த்து நிற்கும் இந்தச் சிறுநகரை சுவிஸ் மக்கள் அறிந்திருப்பது பெரும்பாலும் அதன் பியர் ஆலையால். 2013இல் முதன்முறை தொழில்முறைச் சுற்றில் நுழைந்த அவர் அதில் நிலைக்கவில்லை. 2017இல் இருபத்தொரு வயதுக்குட்பட்டோர் ஐரோப்பியப் பட்டத்தை வென்று திரும்பினார். அதே ஆண்டு அக்டோபரில் இங்கிலீஷ் ஓபன் அரையிறுதி வரை வந்து கைரன் வில்சனிடம் தோற்றார்.

2020ஆம் ஆண்டின் உலகப் போட்டி தொற்றுநோயால் ஏப்ரலிலிருந்து ஜூலை இறுதிக்குத் தள்ளிப்போனது. தகுதிச் சுற்றுகளைக் கடந்து முதன்மைச் சுற்றின் 32 பேரில் ஒருவராக உர்சன்பாகர் இடம்பிடித்தார். க்ரூசிபிளில் ஆடிய முதல் சுவிஸ் நாட்டவர் அவரே. தொடக்க நாளில் பார்வையாளரைச் சிறிதளவு அனுமதித்துவிட்டு அரங்கை மறுபடி மூடியிருந்தார்கள். எதிரில் 2013ஆம் ஆண்டின் இறுதியாட்டக்காரர், இடக்கை பேரி ஹாக்கின்ஸ். பத்து ஃப்ரேம் முதலில் எடுப்பவருக்கு வெற்றி. ஒன்பதுக்கு ஒன்பது என்று வந்து, பத்தொன்பதாவது ஃப்ரேமில் ஆட்டம் ஹாக்கின்ஸ் பக்கம் சாய்ந்தது. அவ்வாண்டுப் பட்டத்தை ரானி ஓ’சல்லிவன் ஆறாம் முறையாக வென்றார். மூன்று மாதம் கழித்து, நவம்பரில், மில்டன் கீன்ஸில் நடந்த யுகே சாம்பியன் போட்டியில் அந்த ஓ’சல்லிவனை உர்சன்பாகர் 6–5 என்று வீழ்த்தினார்.

இந்த வெற்றிகளுக்கு அடித்தளமாகச் சொந்த நாட்டில் பெரிய தொழில்முறைப் போட்டி எதுவும் இருக்கவில்லை. அருகில் இருப்பது 2011 முதல் பெரும்பாலும் பெர்லினில் நடந்துவரும் ஜெர்மன் மாஸ்டர்ஸ். அதற்கும் எல்லை தாண்ட வேண்டும், வாரக்கணக்கான பயிற்சிக்கு இங்கிலாந்து போக வேண்டும். உள்நாட்டில் கேரம்போல், பூல், ஸ்னூக்கர் மூன்றும் தேசிய பில்லியர்ட்ஸ் அமைப்பின் தனித்தனிப் பிரிவுகளாக இயங்குகின்றன. இவெர்டோனில் உலக அளவில் செய்த ஏற்பாட்டின் சிறுவடிவம் அது. உலக அளவில் அந்த ஏற்பாடு ஒலிம்பிக் வாசலில் நின்றுபோனது. நாட்டளவில் அது ஊரூராகக் கழகங்களை நடத்தவும், சிறுவர்களை ஐரோப்பியப் போட்டிகளுக்கு அனுப்பவும் உதவுகிறது.