தோற்ற பந்தயமும் தொடர்ந்த வம்சமும்

ஐதராபாத் நகரின் கிழக்குப் பகுதியில், உப்பல் செல்லும் சாலையின் மீது ஹப்சிகுடா என்னும் பேட்டை அமைந்துள்ளது. அரசாங்க அலுவலின் பொருட்டும், அங்குள்ள ஆராய்ச்சிக் கூடங்களில் பணியின் பொருட்டும் தமிழகத்தினின்று வந்து குடியேறிய நம்மவர் பலர் நாள்தோறும் அப்பெயரைச் சொல்லிப் பேருந்து ஏறுகின்றனர். ஆயினும் அதன் பொருளை எண்ணிப் பார்ப்போர் சிலரே. அபிசீனியா முதலிய ஆப்பிரிக்க நாடுகளினின்றும் வந்த வீரர்களைத் தக்கணத்தார் ஹப்சிகள் என்று அழைத்தனர். அவ்வீரர்கள் தங்கிய குடியிருப்பே ஹப்சிகுடா ஆயிற்று என்பர்.

ஹப்சியரின் புகழுக்கும் குதிரைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அடிமையாக விற்கப்பட்டு இந்தியாவிற்கு வந்து, அகமதுநகர் அரசின் பொறுப்பையே ஏற்று நடத்திய மாலிக் அம்பர், விரைந்து பாய்ந்து விரைந்து மறையும் குதிரைப் படையைக் கொண்டு மொகலாயரைப் பல்லாண்டுகள் திணற வைத்தார். அவர் மறைந்தது 1626-ஆம் ஆண்டு. பிற்காலத்தில் போர்க் குதிரையின் இடத்தைப் பந்தயக் குதிரை பிடித்துக்கொண்டது. ஹப்சிகுடாவின் அண்டையிலுள்ள மௌலா அலியில் 1868-இல் பந்தயங்கள் தொடங்கின. 1886-இல் ஆறாவது நிஜாம் மீர் மஹபூப் அலி கான் அவற்றை மலக்பேட்டைக்கு மாற்றினார். இன்றும் மலக்பேட்டையில் பந்தயங்கள் நடைபெற்று வருகின்றன.

மலக்பேட்டையில் ஒருநாளும் ஓடாத ஓர் இளம் பெண்குதிரையின் வரலாற்றையே இங்குக் கூற முற்படுகின்றோம். அதன் பெயர் மும்தாஜ் மஹால். ஷாஜஹானின் அன்பு மனைவியாகிய மும்தாஜ் மஹால், தக்கணப் போர்க்காலத்தில் தபதி நதிக்கரையிலுள்ள புர்ஹான்பூரில், பதினான்காவது மகவை ஈன்றபொழுது, 1631-இல் உயிர் நீத்தார். அவ்வரசியின் பெயரை ஆங்கில நாட்டுக் குதிரை ஒன்று பெற்றது எவ்வாறு?

கராச்சியில் 1877-இல் பிறந்த மூன்றாம் ஆகா கான், பம்பாயிலும் பூனாவிலும் பந்தயக் குதிரைகளுக்கு நடுவே வளர்ந்தவர். 1921-22-ஆம் ஆண்டுகளில் அவர் இங்கிலாந்தில் சிறந்ததொரு குதிரைப் பண்ணையை நிறுவ விரும்பினார். நல்ல குட்டிகளைத் தேர்ந்து வாங்கும் பொறுப்பை ஜார்ஜ் லாம்ப்டன் என்னும் வல்லுநரிடமும், பயிற்றும் பொறுப்பை டிக் டாசன் என்பவரிடமும் ஒப்படைத்தார். 1922-இல் டான்காஸ்டர் ஏலத்தில், ஒரு வயது நிரம்பிய சாம்பல் நிறப் பெண்குட்டி ஒன்றை 9,100 கினி கொடுத்து லாம்ப்டன் வாங்கினார். ஒரு கினி என்பது ஒரு பவுன் ஒரு ஷில்லிங் ஆதலின், விலை 9,555 பவுன் ஆகின்றது. வெற்றி தோல்வி எதனையும் காணாத குட்டிக்கு அக்காலத்தில் இது மிகப் பெருந்தொகை.

அத்தொகைக்குக் காரணம் குட்டியின் தந்தை. சாம்பல் உடலில் வெண்புள்ளிகள் சிதறிய டெட்ரார்க் என்னும் அக்குதிரை, 1913-இல் தன் இரண்டாம் வயதில் ஏழு பந்தயங்களில் ஓடி ஏழிலும் வென்றது. பின்னர்க் காலில் நேர்ந்த ஊறினால் மீண்டும் களம் காணவில்லை. அது வேறு வயதிலும் வேறு தூரங்களிலும் என்ன செய்திருக்கும் என்பது விடையற்ற வினாவாகவே நின்றுவிட்டது. அவ்வினாவிற்கு விடை மகளிடம் கிட்டுமோ என்று பந்தய உலகம் காத்திருந்தது.

1923-ஆம் ஆண்டு வசந்த காலத்தில் நியூமார்க்கெட் திடலில் மும்தாஜ் மஹால் முதன்முறையாக ஓடி வென்றது. அடுத்து ஆஸ்காட் திடலில் குயீன் மேரி பந்தயம். ஐந்து பர்லாங் தூரம், அதாவது ஏறத்தாழ ஆயிரம் மீட்டர், ஒரு நிமிட அளவில் முடிந்துவிடும் ஓட்டம் அது. அதில் இக்குட்டி பத்துக் குதிரை நீளம் முன்னதாக எல்லையைக் கடந்தது. அத்தகைய குறுகிய ஓட்டத்தில் தலையளவு, கழுத்தளவு வேறுபாட்டிலேயே பெரும்பாலும் வெற்றி தீர்மானிக்கப்படும் என்பதை நினைவிற்கொண்டால், பத்து நீளம் என்பதன் அருமை விளங்கும். அதன்பின் சாண்டவுன், குட்வுட், டான்காஸ்டர் ஆகிய திடல்களிலும் வெற்றி தொடர்ந்தது. 'பறக்கும் பெண்குதிரை' என்னும் பட்டப் பெயரும் வந்து சேர்ந்தது.

அவ்வாண்டின் இறுதியில் கெம்ப்டன் பார்க் திடலில் முதல் தோல்வி நேர்ந்தது. மழையால் தரை சேறாகிக் குளம்பைப் பற்றி இழுத்த நாளில், ஆர்கேட் என்னும் குதிரை சிறு வேறுபாட்டில் இதனை முந்தியது. தோல்விக்குத் தரையின்மீது பழி கூற இடமிருந்தது. ஆனால் அடுத்த ஆண்டின் சோதனைக்கு அவ்வாறு சமாதானம் சொல்ல இயலவில்லை.

ஆங்கிலப் பந்தய மரபில் ஒரு குதிரையின் தகுதியை அளக்கும் உரைகல் மூன்றாம் வயதில் வரும் 'கிளாசிக்' எனப்படும் ஐந்து பெரும் பந்தயங்களே. அவற்றுள் மிகக் குறைந்த தூரமே ஒரு மைல், அதாவது எட்டு பர்லாங். 1924-இல் பெண்குதிரைகளுக்கு உரிய ஆயிரம் கினிப் பந்தயத்தில் மும்தாஜ் மஹால் தொடக்கம் முதல் முன்னணியில் பாய்ந்தது. இறுதிக் கட்டத்தில் அதன் கால்கள் தளர்ந்தன. முன்னாள் பிரதமர் ரோஸ்பரி பிரபுவின் பிளாக் என்னும் குதிரை அதனைக் கடந்து சென்றது. ஆஸ்காட்டில் மற்றொரு ஒரு மைல் ஓட்டத்தில் முதல் மூன்று இடங்களுள் ஒன்றேனும் கிட்டவில்லை. உரிமையாளர் அதனை மீண்டும் குறுகிய தூரத்திற்கே திருப்பினார். குட்வுட்டில் கிங் ஜார்ஜ் பந்தயத்தையும், யார்க்கில் நன்தார்ப் பந்தயத்தையும் வென்று அது ஓய்வு பெற்றது. ஓடிய பந்தயங்கள் பத்து, வென்றவை ஏழு.

குறுந்தூர வேகமும் நெடுந்தூர வலிமையும் வேறு வேறு என்பதைக் குதிரைப் பண்ணையாளர் அனுபவத்தால் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். இன்றைய விஞ்ஞானம் அதன் காரணத்தில் ஒரு பகுதியைக் காட்டியுள்ளது. தசையின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மரபணு ஒன்று எவ்வடிவில் அமைகின்றதோ, அதற்கேற்பக் குதிரைக்கு உகந்த தூரமும் பெரிதும் மாறுகின்றது என்று அயர்லாந்தின் டப்ளின் நகர ஆராய்ச்சியாளர் 2010-இல் வெளியிட்டனர். மைலின் கடைசிப் பகுதியில் தளர்ந்த குதிரையை ஊக்கமற்றதென்று குறை கூறுவது எவ்வளவு பொருந்தாதது என்பது இதனால் தெளிவாகும்.

ஆயினும் 1924-ஆம் ஆண்டின் தீர்ப்பு வேறு. அதே ஆண்டில் ஆகா கானின் டயோபான் இரண்டாயிரம் கினிப் பந்தயத்தையும், சால்மன் டிரவுட் செயின்ட் லெஜர் பந்தயத்தையும் வென்றன. லாயத்தில் விலையாலும் பெயராலும் முதன்மை பெற்றிருந்த பெண்குதிரைக்கோ கிளாசிக் வெற்றி ஒன்றுமில்லை. கதை இங்கே முடிந்திருந்தால், பழைய பந்தயப் பட்டியல்களில் ஒரு வரியாக அது மறைந்திருக்கும்.

பண்ணையில் அதனை எவ்வாறு பயன்படுத்துவது என்பதே அடுத்த கேள்வியாயிற்று. வேகத்தோடு வேகத்தையே சேர்த்தால் மீண்டும் குறுந்தூரக் குதிரைகளே பிறக்கும். தாயின் வேகம் குட்டிக்கு வருவதோடு தந்தையின் தாங்கும் வலிமையும் வரவேண்டும் என்று கருதி, நெடுந்தூரம் ஓடவல்ல பொலிகுதிரைகளுடன் அதனை இணைத்தனர். 1918-இல் மூன்று பெரும் கிளாசிக்குகளையும் வென்ற கெயின்ஸ்பரோ மூலம் மாஹ் மஹால் என்னும் மகள் பிறந்தது. 1930-இல் டெர்பி வென்ற பிளெனிம் மூலம் மும்தாஜ் பேகம் என்னும் மகள் பிறந்தது. களத்தில் தாயின் புகழை இம்மகளிர் எட்டவில்லை. ஆனால் அவர்களின் வயிற்றில் உதித்தவை உலகை வியக்கச் செய்தன.

மாஹ் மஹாலின் மகன் மஹ்மூத். பாட்டியைப் போன்றே சாம்பல் நிறத்தது. 1936-இல் எப்சம் திடலில் டெர்பி பந்தயத்தை 2 நிமிடம் 33 4/5 விநாடியில் வென்றது. டெர்பியின் தூரம் பன்னிரண்டு பர்லாங். அந்த நேரக் கணக்கை 1995 வரை எக்குதிரையும் முறியடிக்கவில்லை. எட்டு பர்லாங் முடிவதற்குள் தளர்ந்த பாட்டியின் பேரன், பன்னிரண்டு பர்லாங் தூரத்தில் ஏறத்தாழ அறுபதாண்டுக் காலம் நின்ற சாதனையை நிறுவியது. பண்ணையாளரின் கணக்கு பொய்க்கவில்லை.

மற்றொரு நிகழ்ச்சியும் குறிப்பிடத்தக்கது. மாஹ் மஹாலின் மகள் மாஹ் ஈரான். அதன் மகள் ஸ்டார் ஆப் ஈரான். அதன் மகள் பெதீத் எத்வால். பிரெஞ்சு மொழியில் 'சின்னஞ்சிறு விண்மீன்' என்று அப்பெயர் பொருள்படும். ஆகா கான் 1957-இல் மறைந்தபின் இக்குதிரை அவருடைய மகன் அலி கானின் வண்ணத்தில் ஓடியது. 1959-இல், மும்தாஜ் மஹால் தோற்ற அதே நியூமார்க்கெட் திடலில், அதே ஆயிரம் கினிப் பந்தயத்தைப் பெதீத் எத்வால் வென்றது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் தாயின் பாட்டிக்குத் தாய் இழந்ததை, நான்காம் தலைமுறைப் பெண் மீட்டது.

மும்தாஜ் பேகத்தின் மகன் நஸ்ருல்லா. 1950-இல் அதனை அமெரிக்கர் வாங்கிக் கென்டக்கி மாநிலத்திற்குக் கொண்டு சென்றனர். அதன் மகன் போல்ட் ரூலர். போல்ட் ரூலரின் மகனே, 1973-இல் அமெரிக்காவின் முப்பெரும் பந்தயங்களையும் வென்று, மூன்றாவதில் முப்பத்தொரு நீளம் முந்திய செக்ரிடேரியட். மஹ்மூதும் 1940-இல் அமெரிக்காவிற்கு விற்கப்பட்டது. நல்ல பொலிகுதிரைகளை ஆகா கான் அயல்நாட்டிற்கு விற்றுவிட்டார் என்று இங்கிலாந்தில் பலர் குறை கூறினர். ஆனால் அவ்விற்பனையாலேயே அவ்வம்சம் புதிய நிலத்தில் வேரூன்றியது. மஹ்மூதின் மகள் அல்மஹ்மூத். அதன் மகள் நடால்மா. அதன் மகன், கனடாவில் பிறந்து 1964-இல் கென்டக்கி டெர்பியை வென்ற நார்தர்ன் டான்சர். அந்த நார்தர்ன் டான்சரின் மகன்களுள் ஒன்றாகிய ரஸீன் நம் நாட்டிற்குக் கொணரப்பட்டு, இந்தியாவின் முதன்மைப் பொலிகுதிரை என்னும் சிறப்பைப் பலமுறை பெற்றது. புர்ஹான்பூரில் மறைந்த அரசியின் பெயரைத் தாங்கிய குதிரையின் குருதி, இங்கிலாந்து, அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளைச் சுற்றி இவ்வாறு இந்தியாவிற்கு வந்து சேர்ந்தது. ரஸீனின் வழித்தோன்றல்கள் இந்தியப் பந்தயத் திடல்களில் ஓடிப் பெரும் பந்தயங்களை வென்றுள்ளன.

பந்தயத்தைப் பற்றிப் பேசுமிடத்து ஒன்றைச் சொல்லாமல் விடலாகாது. சென்னைக் கிண்டியில் 1777-இல் பந்தயத்திடல் அமைந்த காலந்தொட்டு, அதில் பணம் கட்டி இல்லத்தை இருளாக்கியோர் நம்மவரிலும் உண்டு. வெளியூரில் உற்றார் துணையின்றி வாழும் குடும்பத்திற்கு அத்தகைய இழப்பு இருமடங்கு துன்பம் தரும். குதிரையின் வரலாற்றை அறிவதற்குச் சீட்டு வாங்க வேண்டுவதில்லை.

அவ்வரலாற்றை நாம் அறிய உதவுவது பண்ணையாளரின் வம்சாவளி ஏடு. குதிரைக் குடும்பங்களைத் தாய்வழியாகவே அவர்கள் எண்ணிட்டு வகுத்துள்ளனர். மும்தாஜ் மஹாலின் குடும்பம் ஒன்பதாம் எண்ணுக்கு உரியது. வென்ற தாயும் தோற்ற தாயும் அந்த ஏட்டில் ஒரே வரிசையில் இடம் பெறுகின்றனர். எவர் பெயரும் விடுபடுவதில்லை. 1924-இல் பிளாக் வென்றது, மும்தாஜ் மஹால் தோற்றது என்பது அன்றைய செய்தி. அச்செய்தி முற்றும் உண்மையே. எனினும் அதன் முழுப் பொருளைக் காண 1936-உம், 1959-உம், 1973-உம் வரவேண்டியிருந்தது. ஊர்விட்டு ஊர் வந்து, தம் காலத்தில் கைகூடாதவற்றை மக்களுக்கும் பேரருக்கும் விட்டுச்செல்லும் நம்மவர்க்கு, இக்குதிரையின் கதை வெறும் பந்தயக் கதையாகத் தோன்றாது என்று நம்புகின்றோம்.