கார் கரண்டுக்கும் ஒரு வரலாறு இருக்கு

ரோட்டில் ஓடிக்கிட்டு இருக்கும்போதே காரில் மொத்தக் கரண்டும் போயிடுது. விளக்கு இல்லை, ஹாரன் இல்லை, என்ஜினும் நின்னுடுது. இன்றைக்கு இது பெரிய பயம். நூறு வருஷத்துக்கு முன்னாடி ஓடின பல கார்களுக்கு இந்த நோயே கிடையாது. நோய் எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சா, எங்கே தேடணும்னும் தெரிஞ்சிடும்.

1908-ல் அமெரிக்காவில் வந்த ஃபோர்டு மாடல் டி காரை எடுத்துக்குங்க. அதன் ஃப்ளைவீலிலேயே காந்தங்களைப் பொருத்தி மேக்னெட்டோ வச்சிருந்தாங்க. பிளக்குக்குத் தேவையான கரண்ட் அதிலிருந்தே வந்துடும். பேட்டரி இல்லாமலே வண்டி ஓடும். 1915 முதல் முன் விளக்குக்கும் அதே மேக்னெட்டோதான். நம்ம சைக்கிள் டைனமோ மாதிரி, வேகமா போனா பளிச்சுன்னு எரியும், மெதுவா போனா மங்கிடும்.

கஷ்டம் ஸ்டார்ட் பண்றதில்தான். முன்னால் கைப்பிடியைச் சொருகிச் சுத்தணும். என்ஜின் எதிர்ப்பக்கம் உதைச்சா மணிக்கட்டு முறிஞ்சிடும். அப்படிக் கை ஒடிஞ்சவங்க நிறையப் பேர்.

இதுக்கு வழி கண்டவர் சார்லஸ் கெட்டரிங். 1876-ல் ஒஹையோ மாநிலத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். கடைகளில் இருக்கும் கல்லாப்பெட்டி மிஷினுக்குச் சின்ன மோட்டார் செஞ்ச அனுபவம் அவருக்கு இருந்துச்சு. கொஞ்ச நேரம் மட்டும் வேலை செய்யற மோட்டார் சின்னதா இருந்தாலே போதும், அந்த நேரத்துக்கு அதிக பலம் தரும் என்பது அவர் கணக்கு. டேட்டன் நகரத்தில் நண்பர் வீட்டுக் கொட்டகையில் ஆட்களோடு உட்கார்ந்து வேலை பார்த்தார். 1912 மாடல் காடிலாக் காரில் செல்ஃப் மோட்டார் வந்துச்சு. கை பிழைச்சது. ஆனா அன்றிலிருந்து பேட்டரிதான் காருக்கு உயிர் ஆச்சு.

பேட்டரிக்கு சார்ஜ் ஏத்த டைனமோ இருந்துச்சு. அதில் ஒரு குறை, என்ஜின் மெதுவா ஓடினா சார்ஜ் ஏறாது. சிலிக்கான் டயோடு மலிவானதும் ஆல்டர்னேட்டர் வந்துச்சு. 1960-ல் கிரைஸ்லர் கம்பெனி வேலியன்ட் காரில் அதை வச்சாங்க. பிறகு உலகம் முழுக்கப் பரவிடுச்சு.

நம்ம ஊர்ப் பழைய அம்பாசிடரில் டைனமோவும் இருக்கும், கைப்பிடி சொருகும் ஓட்டையும் இருக்கும். செல்ஃப் சுத்த முடியாத அளவுக்கு பேட்டரி பலம் குறைஞ்சாலும் சுத்திக் கிளப்பிடலாம். அந்தக் காலத்துப் பழக்கம் ஒண்ணு இன்னும் நம்மகிட்ட இருக்கு. வண்டி ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழட்டி, என்ஜின் நிக்காம ஓடினா சார்ஜ் சரின்னு சொல்றது. தயவுசெய்து இன்றைய காரில் இதைச் செய்யாதீங்க. ஆல்டர்னேட்டர் தர்ற கரண்டை வாங்கிக்கிறது பேட்டரி. அதைப் பிடுங்கினா வோல்டேஜ் ஒரே எகிறா எகிறும். மோட்டார் முழு வேகத்தில் ஓடும்போது வால்வைப் பட்டுன்னு மூடினா பைப் வெடிக்குமே, அந்தக் கதைதான். டயோடு போகும், கம்ப்யூட்டர் பெட்டியும் போகலாம். ஒரு நிமிஷச் சோதனைக்கு ஆயிரக்கணக்கில் செலவு.

சரி, எங்கே தேடுறது? மொத்தமும் ஒரே நொடியில் இருண்டு போனா, முதலில் என்ஜினை அணைச்சுட்டு பேட்டரி டெர்மினலைக் கையால் அசைச்சுப் பாருங்க. லூசா இருக்கும், இல்லைன்னா உப்புப் பூத்திருக்கும். நெகட்டிவ் வயர் பாடியிலும் என்ஜினிலும் சேர்ற இடத்தைப் பாருங்க, துரு இருந்தா சுரண்டி முறுக்குங்க. அப்புறம் மெயின் ஃபியூஸ். எரிஞ்சிருந்தா அதே ஆம்பியர் ஃபியூஸ்தான் போடணும். மோட்டார் ஃபியூஸ் கேரியரில் தடிச்ச கம்பி கட்டுற வேலை இங்கே வேண்டாம், வயரிங்கே எரிஞ்சிடும்.

கொஞ்சம் கொஞ்சமா விளக்கு மங்கி, பேட்டரிப் படம் போட்ட சிவப்பு விளக்கு எரிஞ்சு, அப்புறம் நின்னிருந்தா ஆல்டர்னேட்டரையோ அதன் பெல்ட்டையோ பாருங்க. மீட்டர் வச்சா, நிக்கிற வண்டியில் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். ஓடும்போது 13.5-லிருந்து 14.5-க்குள் இருக்கணும். 12-லேயே நின்னா சார்ஜ் ஏறலைன்னு அர்த்தம்.

ரோட்டில் ஓடும்போதே கரண்ட் போனா, வண்டி நிக்கிற வரைக்கும் சாவியை லாக் பக்கம் திருப்பவே கூடாது, ஸ்டீயரிங் பூட்டிக்கும். ஸ்டீயரிங் கனமாகும், ஆனா திரும்பும். பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காம ஒரே அழுத்தா அழுத்திப் பிடிச்சு ஓரம் கட்டுங்க. ராத்திரின்னா பின்னால் வர்ற லாரிக்கு உங்க வண்டி தெரியாது. எல்லாரையும் இறக்கி ரோட்டை விட்டுத் தள்ளி நிக்க வச்சுட்டு, அப்புறம் பானெட்டைத் திறங்க.