செல்ப் எடுக்காத ஏ.டி.வி. வண்டி: பேட்டரியை மாத்தும் முன் இதை பாருங்க!

சுற்றுலா தலங்களில் ஓடும் சின்ன 4 சக்கர ஏ.டி.வி. வண்டிகள் அடிக்கடி ஸ்டார்ட் ஆகாமல் மக்கர் பண்ணும். பல வண்டிகளில் கிக்கரும் கிடையாது. உடனே புது பேட்டரி வாங்கி போடுகிறார்கள். கோளாறு வேறு இடத்தில் இருந்தால் அதுவும் சில நாளில் படுத்துவிடும். காசுதான் வீண்.

முதலில் கில் சுவிட்ச் ஆனில் இருக்கிறதா, கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பாருங்கள். பல வண்டிகளில் பிரேக்கை பிடித்தால்தான் செல்ப் வேலை செய்யும்.

"டிக்" சத்தம் மட்டும் வந்தால் பேட்டரி வீக் அல்லது கனெக்சன் லூசாக இருக்கலாம். சத்தமே இல்லையா? பியூஸ், சுவிட்ச், ரிலேயை பார்க்கணும். செல்ப் நன்றாக சுற்றியும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பிளக்கில் ஸ்பார்க் வருதா, பெட்ரோல் இறங்குதா என்று பார்க்கணும்.

அடுத்தது மல்டிமீட்டர். புல் சார்ஜில் உள்ள 12 வோல்ட் பேட்டரி, வண்டி நிற்கும்போது சுமார் 12.6 வோல்ட் காட்டும். என்ஜினை ரேஸ் பண்ணினால் 13.5 முதல் 14.5 வரை ஏறணும். ஏறாவிட்டால் ஸ்டேட்டர் காயில், ரெகுலேட்டர், வயரிங் ஆகியவற்றில் கோளாறு. 15-ஐ தாண்டினால் ரெகுலேட்டர் மீதுதான் சந்தேகம். அப்படியே ஓட்டினால் பேட்டரி கொதித்து கெட்டுப்போகும்.

5 நிமிடம் ஓட்டி நிறுத்தி, மறுபடி செல்ப் அடித்தாலும் சார்ஜ் இறங்கும். 5 ஏ.எச். பேட்டரிக்கு அரை ஆம்பியரில் மெதுவாக சார்ஜ் போட்டால் போதும்.

கழற்றும்போது முதலில் மைனஸ், மாட்டும்போது முதலில் பிளஸ். என்ஜின் ஓடும்போது பேட்டரி வயரை கழற்றவே கூடாது. சார்ஜ் ஏறும்போது வரும் வாயு தீப்பிடிக்கும். பக்கத்தில் பீடி, சிகரெட் வேண்டவே வேண்டாம்.