சான்றும் நம்பிக்கையும்: பாதுகாப்பான இணைப்பின் வரலாறு

இணையத்தளம் ஒன்று திறவாமல், ‘இவ்விணைப்பு பாதுகாப்பானதன்று’ என்னும் எச்சரிக்கை தோன்றுங்கால், கள்வர் புகுந்துவிட்டனரோ எனப் பலரும் அஞ்சுவர். தளத்தை நடத்துவோர் தம் வழங்கியை, அதாவது சர்வரை, அமைத்த முறையில் நேர்ந்த சிறு பிழையும் அதற்குக் காரணமாகலாம். அப்பிழைகளின் இயல்பை வரலாற்று வழிநின்று ஆராய்வோம்.

1995ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் நிறுவனம் எஸ்.எஸ்.எல். எனும் பாதுகாப்பு நெறியின் இரண்டாம் பதிப்பை வெளியிட்டது. செய்தியைப் பிறர் படிக்க இயலாவண்ணம் மறைத்தல், மறுமுனையில் இருப்பது உரிய வழங்கியே என மெய்ப்பித்தல் ஆகிய இரண்டும் அதன் நோக்கங்கள். குறைகள் காணப்பட்டமையால் 1996இல் மூன்றாம் பதிப்பும், 1999இல் டி.எல்.எஸ். எனும் புதுப் பெயருடன் அடுத்த நெறியும் தோன்றின. நாளடைவில் பழையன விலக்கப்பட்டன. பழைய நெறியை மட்டும் அறிந்த வழங்கியோடு புதிய உலாவி பேச மறுத்தது. இது முதல் வகைச் சிக்கல்.

வழங்கியை மெய்ப்பிப்பது சான்றிதழ். பள்ளி மாற்றுச் சான்றிதழில் மாணவன் பெயரும் தலைமையாசிரியர் ஒப்பமும் இன்றியமையாதவை அன்றோ? ஈண்டும் தளத்தின் பெயர், செல்லுபடியாகும் காலம், ஒப்பமிட்டவர் ஆகிய மூன்றும் சரியாக இருத்தல் வேண்டும். வழங்கியின் சான்றுக்கு இடைநிலைச் சான்று ஒப்பமிடும். அதற்கு மூலச் சான்று ஒப்பமிடும். மூலச் சான்று பயனரின் கணினியில் முன்னரே இருக்கும். இடைநிலைச் சான்றை உடன் அனுப்புவது வழங்கியின் கடமை. அதனை அனுப்பத் தவறினால், வேறு வழியாக அச்சான்றைப் பெற்ற உலாவியில் தளம் திறக்கும், பெறாததில் திறவாது. ஆதலின், ‘என் கணினியில் திறக்கிறதே’ எனும் கூற்று போதிய சோதனையாகாது.

காலம் முடிந்த சான்று விளைவிக்கும் கேட்டை 2018 டிசம்பர் 6ஆம் நாள் உலகம் கண்டது. எரிக்சன் நிறுவனத்தின் தொலைத்தொடர்பு மென்பொருளில் இருந்த ஒரு சான்று காலாவதியாயிற்று. பிரிட்டனிலும் ஜப்பானிலும் மில்லியன் கணக்கானோரின் கைப்பேசிச் சேவை தடைப்பட்டது.

இதனினும் நுட்பமானது 2021 செப்டம்பர் 30ஆம் நாள் நிகழ்ந்தது. 2015 முதல் இலவசமாகச் சான்று வழங்கி வரும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு, தொடக்கத்தில் வேறொரு நிறுவனத்தின் பழைய மூலச் சான்றையும் துணையாகக் கொண்டிருந்தது. அப்பழஞ்சான்று அன்று முடிவுற்றது. புதிய மூலச் சான்றைத் தம்மிடம் வைத்திருந்த சில கணினிகளுங்கூட இடர்ப்பட்டன. வழங்கி பழைய மூலத்தை நோக்கிய நீண்ட சங்கிலியை அனுப்பியது; ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.2 எனும் பழைய மென்பொருள் அச்சங்கிலியையே பின்பற்றிச் சென்று, காலாவதியான மூலத்தில் முட்டி நின்றது. காலாவதியான மூலத்தைக் கணினியிலிருந்து நீக்கியும், வழங்கியைக் குறுகிய சங்கிலியை அனுப்பச் செய்தும் இக்குறையைக் களைந்தனர்.

இந்நிகழ்ச்சிகள் ஆராயும் ஒழுங்கைக் கற்பிக்கின்றன. முதலில் கணினியின் கடிகாரத்தையும் சான்றின் இறுதி நாளையும் ஒப்பிடுக. அடுத்து, தளத்தின் பெயர் சான்றில் உள்ளவாறே இருக்கிறதா எனக் காண்க. மூன்றாவதாகச் சங்கிலி முழுமையாக வருகிறதா என்றும், இறுதியாக இருபுறமும் அறிந்த நெறி ஒன்று உண்டா என்றும் நோக்குக. சான்றைப் புதுப்பித்த பின்னரும் எச்சரிக்கை தொடருமாயின், வழங்கி பழைய சான்றையே இன்னும் நினைவிற் கொண்டிருத்தல் கூடும். அதன் அமைப்பை மீண்டும் ஏற்றல் வேண்டும்.

சோதனையையே நிறுத்திவிடுவதும், எச்சரிக்கையைத் தள்ளிவிட்டு மேற்செல்லுமாறு பயனருக்குச் சொல்வதும் தீர்வாகா. பொய் எச்சரிக்கைக்குப் பழகியவர், மெய்யான கள்வன் வருங்காலும் அவ்வாறே கடந்து செல்வர். ஒருவரின் கவனக்குறைவு பலரின் விழிப்புணர்வைக் கெடுப்பது இவ்வாறே.

சான்றின் ஆயுளோ குறுகி வருகிறது. 2020 செப்டம்பரில் 398 நாளாக வரையறுக்கப்பட்ட மிகுதிக் காலத்தை, 2029 மார்ச்சு 15 முதல் 47 நாளாக்கச் சான்று வழங்குவோரும் உலாவி செய்வோரும் கூடிய மன்றம் 2025 ஏப்ரலில் முடிவு செய்தது. புதுப்பித்தலை எந்திரம் ஏற்கலாம். அவ்வெந்திரம் தன் கடனைச் செய்ததா எனக் காண்பது மனிதர் கடன்.